சேர்வராயன் என்றுதான் எழுதுவேன்

என் பிரியமுள்ள சேர்வராயன் அப்பாவுக்கு,

முதல் வரியிலேயே உங்கள் பெயரைத் தப்பில்லாமல் எழுதிவிட்டேன், பார்த்தீர்களா? நீங்கள் இருந்தவரை இந்தப் பெயருக்கு ஒரு தபால்கூட வந்ததில்லை. இதுதான் முதல் தபால்.

உங்களுக்குப் பேரன் பிறந்திருக்கிறான். காப்பி பூத்து மலையே மணந்துகொண்டிருந்த வாரத்தில் பிறந்தான். உங்களைப் போலவே கறுப்பு. காது மடல்கூட உங்களைப் போல வெளியே தள்ளி நிற்கிறது. ஆனால் பசித்தால் நம் கிளியூரையே கூட்டிவிடுகிறான். அது உங்களிடம் இல்லாத குணம். உங்களுக்கு எது வேண்டுமென்றாலும் வாய்விட்டுக் கேட்டதே கிடையாதே.

அவன் வயிற்றில் இருக்கும்போதே உங்கள் பெயரைத்தான் வைப்பது என்று முடிவு செய்திருந்தேன். உங்கள் மாப்பிள்ளை முருகேசனும் சரி என்றார். பெயரில் சண்டை வரவில்லை அப்பா. அதை எப்படி எழுதுவது என்பதில்தான் வந்தது.

உங்கள் கதை உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கீழ்நாட்டிலிருந்து எஸ்டேட் வேலைக்கு மலையேறி வந்த உங்கள் அப்பா, பிறந்த பிள்ளைகளையெல்லாம் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, மலை உச்சிக் குகைக் கோயிலில், இந்த மலைக்கே பெயர் கொடுத்த சேர்வராயனிடம் வேண்டிக்கொண்டார். அதற்குப் பிறகு பிறந்து தங்கியவர் நீங்கள். அதனால் அந்தச் சாமியின் பெயர். அதை ஒரே நிமிடத்தில் பறித்துக்கொண்டார் ஒருவர். கல்யாணம் முடிந்து ரேஷன் கார்டுக்குப் போனபோது ஆபீசில் இருந்தவர், "மலையோட பேரைக் கேக்கலய்யா, உன் பேரைச் சொல்லு" என்றாராம். நீங்கள் மறுபடியும் சொன்னீர்களாம். "செல்வராஜனைத்தான் இப்படிச் சொல்றியா?" என்று அவரே எழுதிக்கொண்டாராம். நீங்கள் இதைச் சிரித்துக்கொண்டேதான் எனக்குச் சொன்னீர்கள். "அரிசி வந்தாச் செரி, உடு கண்ணு."

உங்களுக்கு உண்மையாகவே சிரிப்புத்தான் வந்ததா அப்பா?

அதற்குப் பிறகு ஆதாரில் செல்வராஜன், பேங்கில் செல்வராஜன். பேங்கில் கூப்பிடும்போது அது நீங்கள்தான் என்பது உங்களுக்கே மறந்துபோய்ப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பீர்கள். அம்மா முழங்கையால் இடிப்பாள். எனக்குச் சின்ன வயதில் அது வேடிக்கையாக இருந்தது. ஆஸ்பத்திரியில் உங்களைப் படுக்க வைத்திருந்தபோது வேடிக்கையாக இல்லை. நினைவு இருக்கிறதா என்று பார்க்க நர்ஸ் குனிந்து, "செல்வராஜன் ஐயா, செல்வராஜன் ஐயா" என்று கூப்பிட்டார். நீங்கள் அசையவில்லை. நினைவு தப்பிவிட்டது என்று அவர் டாக்டரிடம் சொல்லப் போனார். நான்தான் ஓடிப்போய் நிறுத்தினேன். "அது அவரு பேரு இல்லீங்க. சேர்வராயன்னு கூப்புடுங்க." அவர் கூப்பிட்டார். நீங்கள் கண்ணைத் திறந்து, "என்ன சாமி?" என்று கேட்டீர்கள். அன்றைக்கு முடிவு செய்தேன். இந்தப் பெயரை இனி யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று.

பெயர் வைக்கிற நாளில் முருகேசனின் அக்கா, என் நங்கை, குப்பனூரிலிருந்து பஸ் ஏறி வந்தார். கையில் ஒரு துண்டுச்சீட்டு. சேலத்தில் நியூமராலஜி பார்ப்பவர் ஒருவரிடம் கேட்டு வாங்கி வந்திருந்தார்.

"ஏம் பூங்கொடி, பேரு நீ சொன்னதேதான். எழுத்தை மட்டும் கொஞ்சம் மாத்திக்கலாம். 'ஷ'னாவுல ஆரம்பிச்சா நம்பரு நொம்ப நல்லா வருதாமா. ஷெர்வராயன்னு எழுதிக்குவோம். கூப்புடறதுக்கு ஷெர்வின். எப்புடி இருக்குது?"

"எங்கப்பா பேரு ஷெர்வின் இல்லீங்க நங்கை."

"உங்கப்பா சொல்லிக்கிட்ட பேருதான் எதுலயுமே இல்லியே கண்ணு. எல்லாக் கார்டுலயும் செல்வராஜன். இல்லாத பேருக்கு எதுக்கு இத்தனை வம்பு? நாளைக்கு இங்கிலீசு மீடியம் போற பையன். எஸ்டேட் கூலிக்காரரு பேராட்டம் இருந்தாக் கூடப் படிக்கறதுக சிரிக்காதா?"

"எஸ்டேட் கூலிக்காரரு பேரேதானுங்க அது. சிரிக்கறவங்க சிரிச்சுக்கட்டும்."

நங்கை கெட்டவர் இல்லை அப்பா. பிரசவ வலியில் நான் கத்தியபோது என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது அவர்தான். பையன் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் அலைகிறார். அதற்காக உங்கள் பெயருக்குப் பவுடர் பூசி எடுத்துவந்தால் நான் வாங்கிக்கொள்ள வேண்டுமா?

அப்போது அடுப்பங்கரையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "செல்வராஜன்னே எழுதிப்போடுங்களேன். கார்டெல்லாம் அப்புடித்தானே இருக்குது." எனக்குச் சுருக்கென்றது. உங்களோடு ஒரு ஆயுள் முழுக்கக் குடும்பம் நடத்தியவள், அவளுமா? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அடுத்த வாரம் பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்கப் போனோம். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தவர் வயதில் சின்னவர். என்ன பேரு என்றார். சொன்னேன்.

"செல்வராயனா?"

அப்பா, நீங்கள் நின்ற அதே இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். பின்னால் வரிசையில் ஒருவர், "சீக்கிரம் சொல்லுங்கம்மா, பஸ்ஸுக்குப் போவோணும்" என்று முணுமுணுத்தார்.

"நான் சொல்லச் சொல்ல எழுதுங்க சார். ச-வுக்கு இரட்டைக் கொம்பு. சே. அப்புறம் ர-வுக்குப் புள்ளி."

அவர் தட்டினார். திரையைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். ஒற்றைக் கொம்பு போட்டு 'செர்வராயன்' என்றிருந்தது. "ரெண்டும் ஒண்ணுதானேம்மா" என்றார். ஒன்று இல்லை, மாற்றுங்கள் என்றேன். மாற்றினார். பிறகு இங்கிலீஷில் எஸ், ஹெச் என்று ஆரம்பித்தார். ஹெச் வேண்டாம் என்றேன்.

"மலைக்கு அப்படித்தானேம்மா இங்கிலீஷ்ல எழுதறாங்க? வெள்ளைக்காரன் காலத்துல இருந்து அதுதான்."

"மலைக்கு அவங்க என்ன வேணும்னாலும் எழுதிக்கட்டும் சார். இது என் புள்ளை. எஸ், இ, ஆர், வி, ஏ, ஆர், ஏ, ஒய், ஏ, என். அவ்வளவுதான்."

அவர் என்னை விட்டுவிட்டு முருகேசனைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க சார், எப்படிப் போடட்டும்?" நங்கை கொடுத்த சீட்டு முருகேசனின் சட்டைப்பையில்தான் இருந்தது. எனக்குத் தெரியும். அவர் பையைத் தொட்டுப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். "அவ சொல்றாப்புலயே போடுங்க" என்றார். வெளியே வந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

சான்றிதழ் வந்தும் வீட்டில் சண்டை ஓயவில்லை. நங்கை அவனை ஷெர்வின் என்றே கூப்பிட்டார். அம்மாவோ சாமி, தங்கம், ராசா என்று எல்லாம் சொன்னாள், பெயரை மட்டும் சொல்லவில்லை. அவளுக்கும் என்மேல் கோபம்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நங்கை புதுச் சட்டையோடு வந்து, "ஷெர்வின் குட்டி, அத்தையைப் பாரு" என்று கொஞ்சிக்கொண்டிருந்தார். அம்மா ஓரமாக உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று தட்டைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க, அது என்னுங்க செர்வினு கிர்வினுன்னு? சாமி பேரை இப்புடியா சிதைப்பாங்க? சேர்வராயன்னு கூப்புடுங்க."

அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் பிறந்து இத்தனை வருஷத்தில் அம்மா உங்கள் பெயரைச் சொல்லி ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

நங்கை போன பிறகு கேட்டேன். "அப்ப எதுக்கும்மா அன்னைக்குச் செல்வராஜன்னே எழுதுங்கன்னு சொன்னே?"

"ஆபீசுல ஊட்டுக்காரர் பேரு என்னன்னு கேட்டா அந்தப் பேரைப் பட்டுன்னு சொல்லிப்போடுவேன். அது அவரு பேரு இல்லியே, வாய் கூசாது. அவரு பேரையே புள்ளைக்கு வெச்சுட்டா நான் எப்புடிடீ கூப்புடுவேன்? செல்வராஜன்னு இருந்தா என் பேரனை நானும் பேரு சொல்லிக் கூப்புட்டுக்கலாம்னு பார்த்தேன்."

"இப்ப மட்டும் எப்புடி வந்துச்சு?"

"வந்துருச்சு. எனக்கென்ன பயம்? தப்புன்னா அவரே வந்து கேக்கட்டும்."

அப்படிச் சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். எஸ்டேட் லைன் வீடுகள் எல்லாவற்றுக்கும் கேட்கிற மாதிரி, "சேர்வராயா! ஏ சேர்வராயா!" என்று கூப்பிட்டாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பின்னால் நின்ற எனக்குத் தெரியவில்லை. எத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்தாள் அதை? அவள் வாயால் உங்கள் பெயரைக் கேட்க நீங்கள் என்றைக்காவது ஆசைப்பட்டிருக்கிறீர்களா?

தப்பு என்றால் நீங்களே வந்து கேளுங்கள் அப்பா. வாசலில்தான் இருக்கிறோம்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இவன் பெயரை நாளைக்குப் பள்ளிக்கூடத்திலோ ஆபீசிலோ யாராவது தங்களுக்கு வசதியாக எழுதத்தான் பார்ப்பார்கள். இவன் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு வரமாட்டான். நின்று திருத்துவான். அவர்கள் திருத்தி முடிக்கும்வரை நானும் பக்கத்திலேயே நிற்பேன்.

இப்படிக்கு,
சேர்வராயனின் மகள், சேர்வராயனின் அம்மா,
பூங்கொடி