தனியாகப் போகிறவனுக்கு எந்த அம்பு

2009 ஒக்டோபர் 11, ஞாயிறு

நான் வந்து குடியேறிய இந்த நாட்டில் வில்லால் மான் அடிக்கச் சட்டம் விடாது. அதனால் ஒவ்வொரு வருடமும் பிரான்சுக்குப் போய், பழைய கூட்டாளி ராசன் அண்ணையோடு காட்டுக்குள் இறங்குவேன். இன்று அம்புகளைச் சமையலறைத் தராசில் வைத்து நிறுத்துக்கொண்டிருந்தபோது அவர் எனக்குப் போன் எடுத்தார்.

“எடேய், இந்த முறை அம்பு பாரமானதோ இலேசானதோ?”

“இலேசுதான் அண்ணை. உங்கட குறட்டைக்கு மான் ஓடமுதல் அம்பு போய்ச் சேர வேணுமெல்லே.”

அவர் சிரிக்கவில்லை. “நான் வரேல்லையடா. முழங்கால் ஏலாது. மகளோட கனடாவுக்குப் போறன். இனி அங்கதான்.”

“அப்ப கனடா மானுக்கு நித்திரை இல்லை” என்றேன். அதற்குச் சிரித்தார். போனை வைத்தபின் வீடு ஒரேயடியாய் அமைதியாகிவிட்டது.

மரவில்லில் இலேசான அம்பு வேகமாய்ப் போகும், ஆனால் ஆழமாய் இறங்காது. காயப்பட்ட மான் வெகுதூரம் ஓடிவிடும். இரத்தத் தடம் பார்த்துத் தேடிப் பிடிப்பது அண்ணைதான். எனக்கு அந்தக் கண் இல்லை. ஒரு மானைக் காயத்தோடு காட்டில் விட்டுவிட்டு வர எனக்கு மனம் வராது. ஆகவே தனியாகப் போகும் இந்த முறை, ஆழமாய் இறங்கும் பாரமான அம்புகளையே பைக்குள் வைத்தேன். அவை கொஞ்சத் தூரத்திலேயே தாழ்ந்துவிடும். மான் நன்றாகக் கிட்ட வரும்வரை வாய் திறக்காமல் காத்திருக்க வேண்டும்.

என்னால் ஒருநாளும் முடியாத வேலை அது. இனி முடியும். நான் பகிடி விட்டுச் சிரிக்கவைக்கப் பக்கத்தில் அண்ணை இல்லை.