யாரும் கேட்காத ஹார்ட் டிஸ்க்

ஐப்பசி 12, புதன்

காலையில் கரண்ட் போய் வந்த வேகத்தில் எங்கள் ரத்தப் பரிசோதனை லேபின் சர்வர் கருகிவிட்டது. எட்டு வருடமாகச் சனிக்கிழமைதோறும் நான்தான் எல்லா ரிப்போர்ட்டையும் ஹார்ட் டிஸ்கில் ஏற்றிப் பீரோவில் பூட்டுகிறேன். இன்று அதை யாரும் கேட்கவே இல்லை.

"எங்கிட்ட இருக்குது மேடம்" என்றான், போன வருடம் சேர்ந்த சத்யா. தினமும் தன் சொந்த கிளவுட் கணக்கில் ஏற்றி வைத்திருந்தானாம். மத்தியானத்துக்குள் எல்லாம் திரும்பி வந்துவிட்டது.

"நீ இல்லன்னா இன்னா பண்ணியிருப்பேன்!" என்றார் மேடம். என்னிடம் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

பொறுக்கவில்லை. "பேஷன்ட் ரிப்போர்ட்ட இவன் சொந்தக் கணக்குல வெச்சிக்கலாமா மேடம்?" என்று கேட்டுவிட்டேன். மேடம் முகம் மாறியது. எல்லோர் முன்னாலும் அவனைத் திட்டினார். கேட்டது நியாயம்தான். நான் நியாயத்துக்காகக் கேட்கவில்லை.

சாயங்காலம் சிங்கவரம் பஸ்ஸுக்கு நின்றபோது பக்கத்தில் வந்தான்.

"நான் பண்ணது தப்புதான்க்கா. ஆனா நீங்க ஏத்தறப்ப பாத்தேன், உங்க டிஸ்க்குல பொங்கலுக்கு அப்பறம் எதுவுமே ஏறல. ரெண்டு வாட்டி சொல்ல வந்தேன், நீங்க மூஞ்சி குடுத்தே பேசல. மேடத்துகிட்ட சொன்னா உங்களத் திட்டுவாங்க. அதான் நானே ஏத்திக்கினு வந்தேன்."

பஸ்ஸை விட்டுவிட்டு லேபுக்குத் திரும்பிப் போய் டிஸ்கை எடுத்து வந்தேன். இதோ, மேசைமேல் இருக்கிறது. இன்னும் லேப்டாப்பில் செருகிப் பார்க்கவில்லை. அவன் பொய் சொல்லமாட்டான். அதுதான் எரிகிறது.