வாயால் சொன்ன ஓம்

வெலிமடைப் பக்கம்,
18.02.1979

அன்புள்ள சுபைறாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் எங்கள் ஜமாஅத்துக் குழுவில் வந்த பத்துப் பேரும் உயிரோடும் சளியோடும் இருக்கிறோம். மருதமுனையில் நீயும் மகள் நதீராவும் மாமாவும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆச் செய்கிறேன்.

இங்கே குளிர் என்றால் நம் ஊர் மாரிக்குளிர் இல்லை. விடியற்காலை சுபஹுத் தொழுகைக்குமுன் கைகால் கழுவி வுழூச் செய்ய வாளிக்குள் கையை விட்டால், வெளியே வரும் விரல்கள் வேறு யாருடையவோ என்று இருக்கும். சாய்ந்தமருதுக் கடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை இழுத்தவன் நான். இங்கே ஒரு வாளித் தண்ணீருக்குப் பயப்படுகிறேன்.

மூன்று நாளைக்கு ஒரு பள்ளி என்று இந்தப் பக்கத்து ஊர்களைச் சுற்றி வருகிறோம். பள்ளியிலேயே பாய் விரித்துப் படுக்கிறோம். சமையல் முறை வைத்து நடக்கிறது. செவ்வாய்க்கிழமை என் முறை. சோறு அடிப்பிடித்து, கறிக்கு உப்பை இரண்டு தரம் போட்டுவிட்டேன். எங்கள் குழுத் தலைவரான அமீர், சம்மாந்துறை இப்றாஹிம் மாஸ்டர், முகம் சுளிக்காமல் சாப்பிட்டு முடித்தார். பிறகு, “ஜவுபர், ஒங்கட பொண்டாட்டிக்கு நாங்க எல்லாரும் தனியா ஒரு துஆச் செய்யணும்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஏழு வருஷம் உன் கையால் சாப்பிட்டு ஒரு நாளாவது நல்லாயிருக்கு என்று சொன்னேனா என்று அன்று யோசித்துப் பார்த்தேன். நினைவில் ஒன்றும் வரவில்லை.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வீடு வீடாகப் போய் ஆண்களைத் தொழுகைக்கு அழைக்கிறோம். நேற்று கதைக்கும் பொறுப்பு எனக்கு. றவூப் என்று ஒருவர், மரக்கறி லொறி வைத்திருப்பவர். ஸலாம் சொல்லி இரண்டு வார்த்தை கதைத்திருப்பேன். எந்த ஊர் என்று கேட்டார், சொன்னேன். “ஒங்க ஊர்ல சூறாவளியில வீடெல்லாம் போயிட்டு எண்டு றேடியோவுல சொன்னான். அதக் கட்டாம இஞ்ச வந்து என்னத்தத் தேடுறீங்க?” என்று கேட்டுக் கதவைச் சாத்திவிட்டார். மாஸ்டர் பொறுமை பற்றி ஒரு ஹதீஸ் சொன்னார். என் காதில் அது விழவில்லை.

கூரை எப்படி இருக்கிறது? மழை ஒழுகுகிறதா? மறைக்காமல் எழுது.

இன்னொரு விஷயம். இந்த நாலு மாதம் முடிந்ததும் சிலர் ஒரு வருஷத்துக்கு இந்தியா போகப் பெயர் கொடுக்கிறார்கள். நானும் கொடுக்கலாமா என்று மனம் ஓடுகிறது. உன் அனுமதி இல்லாமல் கொடுக்கமாட்டேன்.

நதீராவுக்கு என் ஸலாம். என்னைக் கேட்டால் சொல். கேட்காவிட்டால் விட்டுவிடு.

இப்படிக்கு,
உன் துஆவை நாடும்,
ஜவுபர்

*

மருதமுனை,
09.03.1979

அன்பான மச்சானுக்கு,

வஅலைக்கும் ஸலாம். நாங்கள் மூவரும் நலம். என் வாப்பாவுக்கு மட்டும் முழங்கால் வலி. அதைவிட உங்கள் பெயரைக் கேட்டால் அவருக்கு வரும் வலிதான் பெரிது. “கூரையில்லாத வீட்டுல பொண்டாட்டி புள்ளய விட்டுட்டு ஊருக்கு நேர்வழி காட்டப் போயிட்டார்” என்று தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி சொல்கிறார். நான் எதிர்த்துக் கதைக்கவில்லை. ஆமாம் போடவுமில்லை.

மறைக்காமல் எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். நீங்கள் வேய்ந்த கிடுகு பாதிக்குமேல் உக்கிவிட்டது. போன கிழமை மழைக்கு அறைக்குள் நாலு சட்டி வைத்தேன். சூறாவளி நிவாரணமாகத் தகரம் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பக்கத்து வீட்டு ஸைனம்பு ராத்தாவையும் கூட்டிக்கொண்டு கல்முனைக்குப் போனேன். அங்கே எழுதிக்கொண்டிருந்தவர் என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. “மாப்பிள்ள எங்க? அவர வரச் சொல்லுங்க” என்றார். எனக்கு எங்கிருந்து துணிவு வந்ததோ தெரியாது. “அவர் அல்லாஹ்ட பாதையில போயிருக்கார். கூர நிலத்துல கிடக்கு. நான் ஒங்கட முன்னுக்கு நிக்கிறன். எழுதுங்க” என்றேன். வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். அவர் எழுதினார். பதினெட்டுத் தகரம் கிடைத்தது.

தகரத்தை அடித்துத் தந்தது பெரியநீலாவணை இராசதுரை அண்ணன். சூறாவளியன்று நம் பிள்ளையைத் தெருவில் கண்டு தூக்கிக்கொண்டு போய், விடியும்வரை தன் பிள்ளைகளோடு வைத்திருந்த மனிதர். அவருடைய வீடே இன்னும் அரைச்சுவரில் நிற்கிறது. சாப்பாட்டைத் தவிர வேறொன்றும் வாங்கமாட்டேன் என்றுவிட்டார். நதீரா ஆணிப் பேணியைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே திரிந்தாள். முடிந்த கையோடு தறியையும் நிமிர்த்தித் தந்தார். தறிக்குழிக்குள் இருந்த கடல் மண்ணை நானும் ஸைனம்பு ராத்தாவும் அள்ளினோம், இரண்டு நாள் ஆனது. இப்போது மூன்றாவது சாறன் ஓடுகிறது. விளிம்பு கொஞ்சம் கோணல்தான், வாங்குகிறவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள்.

இனி இந்தியா விஷயம். போகுமுன் என்னிடம் மனசார அனுமதி தா என்று கேட்டீர்கள். நான் ஓம் என்றேன். அது வாயால் சொன்ன ஓம், மச்சான். காணாமல் போன பிள்ளை கிடைத்தால் நாலு மாதம் உன் பாதையில் போகிறேன் என்று அல்லாஹ்விடம் சொல்லிவிட்டேன் என்றீர்கள். அல்லாஹ்வுக்கும் உங்களுக்கும் நடுவில் நான் எப்படி வருவது? ஆகவே சொன்னேன். இந்த ஒரு வருஷத்துக்கு யாரிடம் என்ன சொன்னீர்கள்? ஏன் போகவேண்டும் என்று எழுதுங்கள். பிறகு பதில் சொல்கிறேன்.

“கேட்காவிட்டால் விட்டுவிடு” என்று எழுதியதை மூன்று தரம் வாசித்தேன். எந்த வாப்பா தன் பிள்ளையைப் பற்றி அப்படி எழுதுவார்? அவள் கேட்கிறாள். வெள்ளை உடுப்போடு யார் தெருவில் போனாலும் வேலியடிக்கு ஓடுகிறாள்.

குளிருக்குக் காதை மூடிக்கொள்ளுங்கள். உப்பைக் கறி இறக்கும்போது ஒரு தரம் மட்டும் போடுங்கள்.

இப்படிக்கு,
சுபைறா

*

வெலிமடைப் பக்கம்,
05.04.1979

அன்புள்ள சுபைறாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. நாலு தரம் பதில் எழுதத் தொடங்கிக் கிழித்தேன். இதைக் கிழிக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

கதவைச் சாத்திய றவூபைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? போன கிழமை திரும்ப அந்த ஊர்ப் பள்ளியில் இருந்தோம். வியாழக்கிழமை அவருடைய லொறி பள்ளிக்குக் கீழே சேற்றில் புதைந்துவிட்டது. நாங்கள் பத்துப் பேரும் இறங்கித் தள்ளினோம். லீக்ஸ் மூட்டைகளை இறக்கி, லொறி மேலே வந்ததும் திரும்ப ஏற்றினோம். வேலை முடிந்ததும் தன் வீட்டில் தேத்தண்ணி கொடுத்தார். மற்றவர்கள் தொழுகைக்குப் போக எழும்பினார்கள். என்னை மட்டும் ஒரு நிமிஷம் என்று நிறுத்தினார். “அண்டைக்குக் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லல்லயே” என்றார்.

ஈமானை, இறைநம்பிக்கையைப் பற்றிக் கதைக்க எனக்கு மாஸ்டர் படிப்பித்துத் தந்திருக்கிறார். அதை விட்டுவிட்டேன். யாரிடமும் சொல்லாத ஒன்றை அவரிடம் சொன்னேன். அதைத்தான் இப்போது உனக்கு எழுதுகிறேன்.

சூறாவளியன்று பொழுதுபட்டு மஃரிபு வருமுன் ஓடுகள் பறக்கத் தொடங்கியதும் பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம். மாமா முன்னால் போய்விட்டார். என் வலக்கையில் நதீரா, இடக்கையில் நீ. வழியில் நீ விழுந்தாய். நான் நதீராவின் கையை விட்டேன். திரும்பிப் பார்த்தபோது அவள் இல்லை.

ஊரில் கேட்ட எல்லோரிடமும் “காத்து பறிச்சிட்டு” என்று சொன்னேன். உன்னிடமும் அதையே சொன்னேன். காற்று பறிக்கவில்லை, சுபைறா. நான்தான் விட்டேன்.

காலையில் இராசதுரையின் தோளில் அவளைக் கண்டபோது என்னால் கிட்டப் போக முடியவில்லை. நீ ஓடிப்போய் வாங்கினாய். அதற்குப் பிறகு அவள் என் கையைப் பிடிப்பதில்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு எல்லாம் விளங்கும். அல்லாஹ்வுக்குச் சொன்ன சொல்லுக்காகத்தான் புறப்பட்டேன், அது பொய்யில்லை. ஆனால் பஸ் கல்முனையைத் தாண்டியதும் என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியதே, அது அல்லாஹ்வுக்காக இறங்கியதில்லை. ஒரு வருஷம் ஏன் என்று கேட்டாய். உங்கள் இருவரின் முகத்தையும் பார்க்கப் பயம். இதுதான் பதில்.

றவூப் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, “இத வீட்டுல சொல்லிட்டீங்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அப்ப எனக்கு ஏன் சொல்றீங்க? எழுதுங்க. நான் கிழமைக்கு ஒருக்கா கல்முனைக்கு லொறி கொண்டு போறன். நானே கொண்டுபோய்க் குடுக்கிறன்” என்றார்.

அவர் பள்ளிக்கு வந்தாரா என்று மாஸ்டர் கேட்டார். வரவில்லை. அதைப் பற்றி எனக்குக் கவலையும் இல்லை.

இந்தியாவுக்கு இன்னும் பெயர் கொடுக்கவில்லை. நீ சொல்வதைச் செய்கிறேன். பதில் எழுதப் பிடிக்காவிட்டாலும் குற்றமில்லை.

இப்படிக்கு,
ஜவுபர்

*

மருதமுனை,
12.04.1979

அன்பான மச்சானுக்கு,

வஅலைக்கும் ஸலாம். உங்கள் கடிதம் பத்திரமாக வந்து சேர்ந்தது. றவூப் நானா ஒரு மூட்டை உருளைக்கிழங்கோடு நடுப்பகல் லுஹருக்கு முன் வந்து வாசலில் நின்றார். தெரு முழுவதும் கூடிவிட்டது. உங்களுக்கு என்னவோ நடந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். “ஒண்டுமில்ல தங்கச்சி, சொகமா இரிக்கார். சமைக்கத்தான் தெரியா” என்று அவர் சொன்ன பிறகுதான் அவருக்கு ஸலாம் சொன்னேன்.

அவர் கூரையை அண்ணாந்து பார்த்தார். யார் அடித்தது என்று கேட்டார். வாப்பா வெளியே வந்து, இவளாகக் கல்முனைக்குப் போய்த் தகரம் எடுத்துவந்த கதையைத் தொடக்கத்திலிருந்து சொன்னார். என்னைப் பற்றி வாப்பா இவ்வளவு கதைத்து நான் கேட்டதில்லை. பாங்கு சொன்னதும் வாப்பா பள்ளிக்கு எழும்பினார். றவூப் நானாவும் செருப்பைப் போட்டுக்கொண்டு கூடவே போனார். இதை மாஸ்டரிடம் சொல்லுங்கள்.

அவர்கள் போன பிறகு தறியடியில் இருந்து கடிதத்தை வாசித்தேன்.

நீங்கள் பிள்ளையின் கையை விட்டதை நான் கண்டேன், மச்சான். அன்றைக்கே கண்டேன். கோபம் வரவில்லை என்று சொல்லமாட்டேன். பிள்ளை கிடைக்கும்வரை இருந்தது. பிறகு வந்த கோபம் வேறு. என்னிடமும் “காத்து பறிச்சிட்டு” என்று சொன்னீர்களே, அந்தக் கோபம். நீங்களாகச் சொல்வீர்கள் என்று பார்த்திருந்தேன். நீங்கள் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டீர்கள்.

ஏன் விட்டீர்கள் என்பதை உங்கள் கடிதத்தில் தேடினேன். அதை நீங்கள் எழுதவே இல்லை. ஆகவே நான் எழுதுகிறேன். விழுந்த தென்னைக்கு அடியில் என் கால் அகப்பட்டிருந்தது. ஒற்றைக் கையால் அந்த மரம் அசையாது. இரண்டு கையும் வேண்டுமென்றுதான் விட்டீர்கள். என்னைத் தூக்கிய அந்த நேரத்தில்தான் பிள்ளை கண்ணில் படாமல் போனது. இன்றைக்கு நான் இரண்டு காலாலும் தறி மிதிக்கிறேன். அதை உங்கள் கணக்கில் யார் எழுதுவது?

பிள்ளையைப் பற்றிச் சொன்னதும் தவறு. இன்று அவளை மடியில் வைத்து, அன்றைக்கு என்ன நடந்தது என்று முதல்முறையாகக் கேட்டேன். “வாப்பா உம்மாவத் தூக்கினார். நான் இராசதுரை மாமாட தோளுல ஏறினன். அவங்கட வீட்டு ஆடும் எங்களோட இருந்திச்சி” என்று சொல்லிவிட்டு ஆட்டைப் பற்றியே அரைமணித்தியாலம் கதைத்தாள். அவள் உங்கள் கையைப் பிடிக்கவில்லை என்கிறீர்கள். நீங்கள் அவள் பக்கம் கையை நீட்டவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நாலு மாதம் அல்லாஹ்வுக்குச் சொன்னது. அதில் ஒரு நாளும் குறைக்கவேண்டாம். கதவு தட்டுங்கள், பாடம் படியுங்கள், சமையலும் படியுங்கள். அதற்குமேல் ஒரு வருஷத்துக்கு என் அனுமதி இல்லை. மனசார இல்லை. பிறகு ஒரு காலம் போக நினைத்தால் என் முன்னால் இருந்து கேளுங்கள்.

வாப்பா இன்னும் முறைப்பாகத்தான் இருக்கிறார். ஆனால் ஜூன் மாதம் எந்த பஸ்ஸில் வருவீர்கள் என்று நேற்று ஸைனம்பு ராத்தாவிடம் விசாரித்திருக்கிறார். தான் கேட்டதாகத் தெரியக்கூடாதாம்.

பயணத்திலிருந்து திரும்பினால் முதலில் பள்ளிக்குப் போய் இரண்டு ரக்அத் தொழவேண்டும் என்பீர்கள். தொழுங்கள், அவசரப்படவேண்டாம். நானும் நதீராவும் பள்ளிக்கு எதிர்ப்புறம், வெளியில், நிழலில் நிற்போம். எவ்வளவு நேரமானாலும் நிற்போம்.

அல்லாஹ் உங்களை நல்ல ஹயாத்தோடு எங்களிடம் கொண்டுவந்து சேர்ப்பானாக. ஆமீன்.

இப்படிக்கு,
உங்கள் சுபைறா