விசிறிக் கூட்டுக்குள்

பெரியவனுக்கு,

நம் பழைய காரை மெக்கானிக் பார்த்துவிட்டார். "வேற இன்ஜின் மாத்திடலாம் சார், ரெண்டு நாள் வேலை. இதையே ரிப்பேர் பண்ணணும்னா முழுசா பிரிக்கணும்" என்றார். பிரிப்பது என்றதும், யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

நீ விரட்டி ஓட்டித்தான் இன்ஜின் சூடேறி ஜாமானது என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். நீயும் வீட்டை விட்டுப் போய்விட்டாய்.

அந்த இன்ஜினுக்குத் தண்ணீர் கிடையாது, விசிறிக் காற்றுதான் உயிர். நீ ஓட்டியதற்கு முந்தின நாள் அந்த விசிறியைத் துடைத்தவன் நான். துடைத்த துணி, உன் பழைய பள்ளிச் சட்டை. விசிறிக் கூட்டை மூடியபின் அதைக் காணவில்லை. வீடு முழுக்கத் தேடிவிட்டேன்.

இன்ஜினையே மாற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது.

சனிக்கிழமை காலை பிரிக்கச் சொல்லியிருக்கிறேன். அந்தச் சட்டை வெளியே வரும்போது நீயும் அங்கே நிற்க வேண்டும்.

அப்பா