இத்தா நாட்களில் விதைத்த வயல்

ஜூலை 24

இத்தாவின் பதினைந்தாம் நாள். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று ஜன்னல் வழியாக மணலை அள்ளிவந்து பாயில் கொட்டுகிறது.

நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள். கணவனை இழந்தவளின் கடமை. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் என் கணவர் றஊப் இறந்த அன்று காலை நான் அவரிடம் சொன்னதும் என்னோடு இந்த அறைக்குள் அடைபட்டுக் கிடக்கிறதே!

"அந்த வயலையே கட்டிக்கிட்டுக் கிடங்க. என்னோட கதைக்க வராதீங்க."

மண்வெட்டியோடு சவளக்கடை வயலுக்குப் போனார். நெஞ்சடைத்து வரப்பில் விழுந்தார். பக்கத்து வயல்காரர் வேலப்போடிதான் தூக்கி வந்தார்.

ஆகஸ்ட் 19

அறுவடை நெல்லோடு உழவு இயந்திரங்கள் போகின்றன. காதைப் பொத்திக்கொண்டேன்.

செப்டம்பர் 3

கஜேந்தினி வந்தாள். பள்ளிக்கூடத்தில் நான் புவியியல் படிப்பிக்கிறேன், அவள் கிறிஸ்தவப் பாடம். தாளில் ஒரு சங்கீதம் எழுதி வந்திருந்தாள்.

"இது தாவூத் நபியிட ஸபூர்தானே?"

"ஓம். நாங்க சங்கீதம் எண்டு சொல்லுற."

வாசித்தாள். இறைவன் மழையால் மண்கட்டிகளைக் கரைக்கிறான், முளையை வாழ்த்துகிறான், ஆண்டு முழுவதற்கும் நன்மையை முடியாகச் சூட்டுகிறான். பருவக்காற்றை அம்புக்குறி போட்டுப் படிப்பிக்கிறவள் நான். அனுப்புகிறவனைப் பற்றி ஒரு நாளும் கரும்பலகையில் எழுதியதில்லை.

திடீரென்று வெடித்துவிட்டேன். "முளையப் பாக்கிறவனுக்கு வரப்புல விழுந்த மனுசன் தெரியல்லயா?"

கஜேந்தினி என் கையைப் பிடித்தாள். "எனக்கும் விளங்கல்ல மேனுஜா. சில நாள் எனக்கும் இத வாசிக்கேலாமப் போகும்."

தாளை வைத்துவிட்டுப் போனாள். அல்லாஹ்விடம் பாவமன்னிப்புக் கேட்டேன். கோபம் போகவில்லை.

அக்டோபர் 6

என் அண்ணன் றிபாஸ் காக்கா வந்தார். "வயலக் குத்தகைக்குக் குடுப்பம். பொம்பிள தனிய வயல் செய்யேலுமாகா?"

நான் வெறுத்த வயல். ஓம் என்றால் தீர்ந்தது. வாயில் வந்ததோ வேறு:

"வேணாம் காக்கா. விதைக்கோணும்."

உம்மா என்னையே பார்த்தா. ஏன் சொன்னேன்? தெரியாது.

அக்டோபர் 8

வேலப்போடி வாசலில் நின்றார், நான் திரைக்கு இந்தப் பக்கம்.

"இந்தக் கிழமை விதைக்காட்டி பிந்திரும் புள்ள."

"விதைங்க அண்ணன்." பிறகு, கேட்கவே பயந்ததைக் கேட்டேன். "அண்டைக்கு அவர் ஏதும் சொன்னாரா?"

"வாய்க்கால் துறக்கோணும் எண்டார். வேற ஒண்டும் சொல்லல்ல புள்ள."

என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. அவ்வளவுதான்.

அக்டோபர் 29

முதல் மழைக்கு முளைத்தது. பிறகு ஒரு துளி இல்லை. பயிர் மஞ்சளித்துவிட்டதாம். போய்ப் பார்க்கவும் முடியாது. சுவரிலிருந்து சுவருக்கு ஏழு அடி. நடந்து நடந்து எண்ணிவிட்டேன். கஜேந்தினியின் தாளை எடுத்தேன், கட்டிகள் கரைகிற வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. யா அல்லாஹ், எப்ப?

நவம்பர் 4

அஸர் தொழுகைக்குப் பிறகு இடித்தது. பெரிய மழை. ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டினேன். "நனையாதகா," என்றா உம்மா. நனைந்தேன்.

இந்த மழை எனக்காக வரவில்லை. எல்லா வயலுக்கும் வந்தது. அதில் என் வயலும் இருக்கிறது. இது போதும் என்று தோன்றியது. "மன்னிச்சிக்கோங்க" என்று றஊப்பிடம் சத்தமாகச் சொல்லி அழுதேன். இத்தனை நாளும் எனக்காகத்தான் அழுதிருக்கிறேன்.

நவம்பர் 11

வெள்ளம். வயலில் பள்ளத்து வரவைத் துண்டில் பயிர் அழுகிவிட்டது. மேட்டில் நிற்கிறது. இன்றைக்கும் அந்த வரிகளை வாசித்தேன், முழுதாக.

நவம்பர் 19

இத்தா முடிந்து நாலாம் நாள். காக்காவோடு சவளக்கடைக்குப் போனேன். அடர்ந்த இடத்தில் பயிரைப் பிடுங்கி வெறும் இடத்தில் நட வேலப்போடி காட்டித் தந்தார். முழங்கால் வரை சேறு. வரிசை கோணல்மாணல்.

காக்கா குடையோடு வரப்பு ஓரத்துக்கு வந்தார்.

"அடுத்த போகத்துக்கு என்ன நெல்லுகா போடப் போற?"

"வேலப்போடி அண்ணனக் கேட்டுச் சொல்லுறன்" என்றேன். அடுத்த நாற்று முடியை எடுத்தேன்.