பையோடு போன காது

ஜூன் 3, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். ஃபேன் சுற்றுகிறது, காற்று இல்லை.

அப்பாவைக் கூட்டி வந்தாயிற்று. இத்தனை வருடம் திருநெல்வேலியில் அண்ணன் வீட்டில். இனி என்னோடு மயிலாப்பூரில். கைப்பைதான் வந்து சேரவில்லை.

நடந்ததை எழுதி வைக்கிறேன், போலீஸ் ஸ்டேஷனில் கேட்பார்கள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அப்பா, வழிப்பக்கம் நான். மேலே வைத்தால் போய்விடும் என்று பையைக் காலடியில் வைத்து, வாரைக் கணுக்காலில் சுற்றிக்கொண்டேன். தூங்குமுன் அப்பா காது மெஷினைக் கழற்றிக் கொடுத்தார். "பத்திரமா வையி." டப்பாவில் போட்டுப் பைக்குள் வைத்தேன். செங்கல்பட்டு வரை முழித்திருந்தேன். அப்புறம் கண் அசந்துவிட்டது. கிளாம்பாக்கம் நெருங்கும்போது பார்த்தால் காலில் வார் மட்டும். பிளேடு வெட்டு, நேர்க்கோடு மாதிரி. பின் சீட்டிலிருந்து கீழே கை விட்டு இழுத்திருக்கிறான். சீட்டு காலி.

கண்டக்டர்: "சிங்கபெருமாள் கோயில்ல எறங்கிட்டாரும்மா. சட்டைய டக் பண்ணிக்கிட்டு, ஆபீசர் மாதிரி இருந்தாரே!"

ஏறும்போது என் பெட்டியை மேலே தூக்கி வைத்தவரும் அவர்தான். தேங்க்ஸ் வேறு சொன்னேன்.

போனவை: போன், ஏ.டி.எம். கார்டு, கொஞ்சம் பணம், ஸ்கூல் ஐ.டி., ஜெபமாலை, அப்பாவின் காது.

"மெஷினக் கொண்டா" என்று வழியெல்லாம் கேட்டார். வெறுங்கையை விரித்துக் காட்டினேன். அப்புறம் கேட்கவில்லை.

ஜூன் 4, புதன்

அரை நாள் லீவு. கார்டை முடக்கினேன். பழைய போனில் புது சிம்.

போலீஸ் ஸ்டேஷன். "எங்க லிமிட்ல நடக்கலையேம்மா." கெஞ்சிய பிறகு எழுதி வாங்கிக்கொண்டார். "பையை மடியில வெச்சிருக்கலாம்ல?"

அண்ணன் போனில்: "நீ தூங்கியிருப்ப."

ஆமாம், தூங்கினேன். மனுஷி தூங்குவாள்.

நொச்சிக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் கஸ்தூரி வாசலிலேயே உட்கார்ந்து கதை கேட்டாள். "இன்னாக்கா நீ, கால்ல கட்டிக்கினா தூங்குவ? பையை வயித்தோட அணைச்சிக்கினு மேல துப்பட்டாவப் போத்திக்கணும். பக்கத்து சீட்டு ஆளு பிஸ்கட் குட்த்தா வாங்கவே கூடாது."

ஸ்டாஃப் ரூமில் இன்னும் புத்திமதிகள். பணத்தைப் பிரித்து வை. ஜிப்பில் ஊக்கு குத்து. போனைச் சார்ஜில் விட்டுத் தூங்காதே. தங்கம் போடாதே. எல்லாம் சரிதான். போன வாரம் ஒருத்தராவது சொல்லியிருக்கலாம். தலைவலி.

அப்பா சாப்பிட்டாரா என்று நாலு தரம் கத்தினேன். கீழ்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

ஜூன் 6, வெள்ளி

வெயில். ஸ்கூல் விட்டதும் அப்பாவோடு தி.நகர், காது மெஷின் கடை. புதிதாக டெஸ்ட் எடுத்தார்கள். விலையைச் சொன்னார்கள். அடுத்த மாதம் வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

பனகல் பார்க் அருகே ரோட்டைக் கடக்கும்போது கையை உதறிவிட்டு முன்னால் நடந்தார். ஆட்டோ ஹார்ன் அடித்தபடி வந்து, உரசாத குறையாக நின்றது.

"யோவ் பெர்சு! காது கேக்கல?"

"கேக்காதுப்பா" என்றேன். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஆட்டோக்காரர் முகம் மாறிவிட்டது. "சாரிக்கா. ஏறு, இட்டுனு போயி வுட்டுர்றேன்."

வழியிலேயே ஸ்டேஷனிலிருந்து போன். பை கிடைத்துவிட்டது. ரோட்டோரப் புதரில். உள்ளே ஐ.டி.யும் ஜெபமாலையும் இருக்கின்றன. டப்பா? "டப்பா எதுவும் இல்லம்மா." விலையுயர்ந்த இயர்போன் என்று நினைத்திருப்பான். யாருக்கும் பாட்டு கேட்காது அதில்.

ஜூன் 7, சனி

மேகமூட்டம். மழை இல்லை.

துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தேன். இறங்கி வந்தால் அடுப்பெல்லாம் பால். பக்கத்திலேயே அப்பா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார், அடுப்புக்கு முதுகைக் காட்டி.

முன்னால் போய் நின்று கொட்டித் தீர்த்துவிட்டேன். அவருக்குத்தான் கேட்காது என்ற தைரியம். "எல்லாத்தையும் என் தலையில கட்டுங்க. அண்ணன் கையக் கழுவிட்டான். எனக்கும் அம்பது ஆச்சு. ஒரு நாள் அசந்து தூங்க முடியுதா? தூங்குனா பை போவுது, திரும்புனா பால் போவுது."

அப்பா கீரையைக் கீழே வைத்தார்.

"தூங்குனது தப்பில்லம்மா."

"கேட்டுச்சாப்பா?"

"கேக்கல. வாயப் பாத்தேன். ஒங்கண்ணன் வீட்ல மெஷின் இருந்துச்சு. எங்கிட்ட யாரு பேசுதா? டிவி சத்தந்தான் கேக்கும். நீ மூஞ்சிக்கு நேரா நின்னு ஏசுத. அது போதும்."

அடுப்பைத் துடைத்தேன். அவர் துணியைப் பிழிந்து பிழிந்து கொடுத்தார்.

அப்புறம் பால் வாங்க அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு என் வாய் தெரியட்டும் என்று மாடிப்படியில் திரும்பித் திரும்பிப் பேசிக்கொண்டே இறங்கியதில் கடைசிப் படி தவறிவிட்டது. முழங்காலில் சிராய்ப்பு. மஞ்சள் வைத்திருக்கிறேன்.