டப்பாவில் இருந்தது சர்க்கரை இல்லை

என்னங்க,

என்னை உள்ளே விடமாட்டேங்குறாங்க. நர்சம்மாகிட்ட இதைக் கொடுத்து அனுப்புறேன். கண்ணாடி எடுத்துட்டு வரலை, எழுத்து கோணல்மாணலா இருக்கும். வாசல்ல யாரோ என் செருப்பை மாத்திப் போட்டுட்டுப் போயிட்டாங்க, அது கிடக்கட்டும்.

மூணு ஸ்பூன் சர்க்கரை போட்டு டீ குடிச்சும் மயங்கிட்டேன்னு டாக்டர்கிட்ட சொன்னீங்களாம். அவர் குழம்பிப்போய், இன்சுலின் ஊசியையே மாத்தணும்னு சொல்றாராம்.

மாத்த வேண்டாம். போன மாசம் உங்க தங்கச்சி வந்தாளே, "அண்ணன் திருட்டுத்தனமா சர்க்கரையை அள்ளி வாயில போடுறாரு, நீங்க வேடிக்கை பாக்குறீங்களே அண்ணி"ன்னு குத்திக் காட்டினா. எனக்கு ரோஷம் வந்துருச்சு. டப்பாவைக் காலி பண்ணி, சுகர்காரங்க போடுற இனிப்புப் பொடியை நிரப்பி வச்சேன். உங்ககிட்ட சொல்லலை. அது நாக்குல இனிக்கும், ரத்தத்துல சர்க்கரையை ஏத்தாது.

நேத்து ஊசி போட்டுட்டுச் சாப்பிடாம, சர்க்கரை இறங்கி நீங்க கை நடுங்கி நின்னப்ப, பதறிப்போய், பொடியை மாத்தி வச்சதையே மறந்து, டீயில அதையே மூணு ஸ்பூன் போட்டுட்டேன். "இன்னைக்குத்தான்டி டீ டீயா இருக்கு"ன்னு குடிச்சுட்டு அப்படியே சாய்ஞ்சீங்க.

டாக்டர் நாலு மணிக்கு வருவாராம். இந்தக் காகிதத்தை அவர்கிட்டயே நீட்டுங்க. என்னைத் திட்டணும்னா நல்லாத் திட்டுங்க, ஆனா அவர் படிச்சு முடிச்சதுக்கு அப்புறம்.

வாசல் பெஞ்சுல உக்காரவும் முடியாம நிக்கவும் முடியாம இருக்கிற,
உங்க வீட்டுக்காரி